பேரையெல்லாம் மாற்றித்தான் எழுதினேன்

சாயங்காலம் நாலு மணி. பதினோரு பொம்பளைகள். பவளக்கொடி. இந்த மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள் டீச்சர். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அந்த ரெக்கார்டரை இப்படித் தள்ளி வையுங்கள். அங்கே வைத்தால் ஃபேன் சத்தம்தான் பதியும். போன வருடம் உங்களை மாதிரியே ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று ஒருத்தர் வந்தார். ரெண்டு மணி நேரம் பேசவிட்டார். ஊருக்குப் போய் போன் பண்ணி, ஃபேன் சத்தம்தான் கேட்கிறது, இன்னொரு தடவை சொல்லமுடியுமா என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு சொன்னேன். கேட்கிறார்களே.

பவளக்கொடி என்ற பேரை உங்கள் ஆராய்ச்சியில் போடாதீர்கள். வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். நான் கதையில் கனகம் என்று போட்டேன். யார் பேரையும் நான் நிஜமாகப் போட்டதில்லை. ஒரு கதையில்கூட இல்லை. அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டர். மில் பேர் வேண்டாம். நூற்பு ஷெட்டில் நான் பதினாறு வருடம் சைடு பார்த்தேன். நூல் நூற்கிற மெஷினின் ஒரு பக்கம் முழுக்க ஒருத்தி பொறுப்பு, அதுதான் சைடு. அங்கங்கே அறுந்துகொண்டே இருக்கும். ஓடி ஓடி ஒட்டவேண்டும். ரெண்டு மணி ஷிஃப்டுக்குள் நுழைந்தால் பத்து மணிவரை நடைதான். ஒரு தடவை ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, நீங்கள் ஒரு ஷிஃப்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பவளக்கொடி அவரைப் பார்த்து, "நேரா நடக்க விட்டிருந்தா திருவில்லிபுத்தூர் போயி ஆண்டாளையாவது பார்த்திருப்போமே சார்" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். லைன் வீட்டில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் இருமுவோம்.

இப்போது அந்த நாலு மணி.

ஷெட்டில் ஜன்னல் கிடையாது. உள்ளே இருக்கிற காற்று வறண்டுவிட்டால் நூல் அறும். அதனால் மேலே தகரக் குழாய் வழியாக ஈரக்காற்று அடிப்பார்கள். அதை அடிக்கிற இடத்துக்கு பிளான்ட் என்று பேர். பிளான்ட் ஓடினால் சித்திரை மாதத்திலும் ஷெட்டுக்குள் ஐப்பசி வந்துவிடும். ஆனால் அது கரண்டைக் குடிக்கும். அதனால் பாதிதான் ஓட்டுவார்கள். சுவரில் ஒரு பலகையில் ரெண்டு தெர்மாமீட்டர் மாட்டியிருக்கும். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் சூப்பர்வைசர் நாகராசு வந்து அந்த வித்தியாசத்தைக் குறிப்பார். அதிகமாக இருந்தால் பிளான்டுக்கு போன் போட்டு முழுசாக ஓட்டச் சொல்லவேண்டும். அது அவருக்குச் சட்டம்.

ஒரு நாள் பவளக்கொடி டீ டம்ளரை அந்தப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு அறுந்த நூலை ஒட்டப் போனாள். நாலு மணிக்கு டீ வரும், நின்றபடியே குடிக்கவேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் நாகராசு வந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, பாலைவனமாட்டம் காட்டுது" என்று போனுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குளுகுளுவென்று இறங்கியது. ஒன்றேகால் மணி நேரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பவளக்கொடி மட்டும் தன் டம்ளரைப் பார்த்தாள்.

மூணாம் கிளாஸ் படித்தவள் டீச்சர். மறுநாளே முறை வைத்துவிட்டாள். ஷெட்டில் நாங்கள் பதினோரு பேர். ஒரு நாளைக்கு ஒருத்தி. நாலு மணி டீயை வாங்கினவள் குடிக்கக் கூடாது. மேல்கோட்டு மறைவில் கொண்டுபோய், துணி சுற்றாத தெர்மாமீட்டரின் குமிழோடு டம்ளரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். நாகராசு தலை தெரிந்ததும் நகர்ந்துவிடவேண்டும். அன்றைக்கு அவளுக்கு ஆறிப்போன டீதான். மற்ற பத்துப் பேருக்கும் அவளுக்கும் சேர்த்துக் காற்று. நாலு வருடம் இந்த முறை தப்பியதில்லை. ஒரே ஒரு நாள் இசக்கி என்று ஒருத்தி ஞாபகமில்லாமல் குடித்துவிட்டாள். "பதினோரு பேரு காத்தையும் ஒரே மடக்குல குடிச்சுட்டாளே பாவி" என்று ஒரு வாரம் அவளை வறுத்தெடுத்தார்கள். ஈரக்காற்று வந்தால் நூல் அறுவதும் குறையும், மில்லுக்கும் லாபம்தான். அதை நான் கதையில் எழுதியிருந்தேன். யார் கவனித்தார்கள்?

இனி செண்பகராமன் சார். சாத்தூரில் ஹோமியோபதி மருந்துக்கடை வைத்திருந்தார். 'பிசிறு' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை, முந்நூறு பிரதி. அதில், உழைக்கிறவர்களே உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார். எனக்கு வாரப் பத்திரிகைத் தொடர் எல்லாம் படிக்கிற பழக்கம் உண்டு. ஒரு கதை எழுதி அனுப்பினேன். கொடைக்கானலில் ஒரு பங்களா, அதில் ஒரு பணக்காரப் பெண், அவளுக்கு ஒரு கண் டாக்டர். போஸ்ட் கார்டு வந்தது. "அம்மா, நீங்கள் கொடைக்கானல் போனதில்லை என்று நினைக்கிறேன். மில்லில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதலாமே." எனக்கு ஆத்திரம். எட்டு மணி நேரம் அந்த எழவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்கு வந்தும் அதையே எழுதவா?

சரி என்று மில்லைப் பற்றி எழுதினேன். கெட்ட முதலாளி, கடைசியில் எல்லோரும் கொடி பிடித்துக்கொண்டு போகிறார்கள், சூரியன் உதிக்கிறது. அதற்கும் கார்டு வந்தது. "சூரியன் தினமும் எனக்கு நாலு தபாலில் வருகிறது. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள்."

உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அந்தக் கார்டை இப்போதும் வைத்திருக்கிறேன், போகும்போது காட்டுகிறேன். ஒரு மாதம் யோசித்தேன். எனக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்றும் அகப்படவில்லை. பதினோரு பேருக்குத் தெரிந்தது ஒன்று இருந்தது.

எழுதினேன். 'நாலு மணிக் காற்று.' ராஜபாளையத்தைத் திண்டுக்கல் ஆக்கினேன். பதினோரு பேரை ஒன்பது பேர் ஆக்கினேன். பவளக்கொடி கனகம் ஆனாள். நாகராசுவுக்கு மீசை வைத்தேன், அவருக்கு மீசை கிடையாது. இதைவிட எப்படி மறைப்பது? ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே அச்சாகி வந்தது. 2008 பிப்ரவரி இதழ். முதல் பக்கத்தில் என் பேர், சண்முகவடிவு என்று. பின்னட்டையில் முழுப் பக்கத்துக்கு எங்கள் மில் விளம்பரம். புரட்டிப் பார்த்தேன். முன்னால் நான், பின்னால் மில். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மில் வேனில் போகும்போது ஷெட்டுக்காரிகளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. இசக்கி, "நான் டீயைக் குடிச்சது மட்டும் வந்திருக்கு, நாப்பது நாளு பிடிச்சது வரலையே" என்று சண்டை போட்டாள். பவளக்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "என்னைய ரொம்ப அழகா எழுதியிருக்க மதினி. எம் மாமியா படிக்கணும்" என்றாள். பிறகு ஒன்று கேட்டாள். "இதை யாரு படிப்பா?"

"முந்நூறு பேரு. அதுலயும் பாதிப் பேரு எழுதுறவங்கதான்."

"மில்லுல?"

"மில்லுல யாரு இதெல்லாம் படிக்கப் போறா?"

"அப்பச் சரி" என்றாள்.

பத்திரிகை என் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். என் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், தொட்டுக் காட்டினேன். பின்னட்டையை அவள் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. காட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது, விளம்பரம்தானே.

மார்ச் மாதம் ஃபேக்டரி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஜெயச்சந்திரன் என்று பேர். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன். ஏ.சி. அறை. "உக்காருங்க வடிவு" என்றார். பதினாறு வருடத்தில் அந்த அறையில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. பீங்கான் கோப்பையில் டீ வந்தது. மேஜைமேல் 'பிசிறு' இருந்தது டீச்சர். என் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தார்.

"நான் காலேஜ்ல தமிழ் இலக்கியம்தான் படிக்கணும்னு ஆசைப்பட்டேன்" என்றார். "வீட்டுல டெக்ஸ்டைல் படிக்க வச்சுட்டாங்க. நம்ம மில்லுக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளர் இருக்கிறது எனக்கே தெரியாமப் போச்சே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் கனகம் இருக்காங்களே, கண்ணு முன்னால நிக்கிறாங்க. கற்பனையா, இல்ல பார்த்து எழுதுனதா?"

அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. செண்பகராமன் சார்கூட, நன்று, அடுத்தது எப்போது என்றுதான் எழுதினார். என் வீட்டுக்காரர் எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று கேட்டார். ஒரு வாசகர், படித்த மனிதர், உட்காரவைத்துக் கேட்கிறார்.

"ரெண்டு பேரைச் சேர்த்து ஒரு ஆள் பண்ணுனேன் சார்" என்றேன். "நடை இசக்கியோட நடை. சைடு ஓரத்துல காலைச் சாய்ச்சு நடப்பா பாருங்க, அது. பேச்சு பூரா பவளக்கொடி."

"அடடே. அந்த டம்ளர் யோசனை?"

"அது பவளக்கொடியோடதுதான் சார். மூணாம் கிளாசு. எம்புட்டு மூளைன்னு பாருங்க."

அவளை உயர்த்தித்தான் பேசினேன். குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். நான் சொல்வதைக் குறித்துக்கொள்கிறாரே என்று நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்பது பற்றி இன்னும் கொஞ்சம் விளக்கினேன். அரை மணி நேரம் இருக்கும். எழுந்திருக்கும்போது எனக்குக் குளிரில் கை விறைத்திருந்தது.

மே தினத்தன்று மில் கேட்டுக்கு உள்ளே பந்தல் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "தொழிலாளர் கையில் பேனா" என்று மேனேஜர் பேசினார். பவளக்கொடி கைதட்டினாள், நான் மேடையிலிருந்து பார்த்தேன். அவள் விசில்கூட அடிப்பாள், அன்றைக்கு மேனேஜர் இருந்ததால் அடிக்கவில்லை.

மே அஞ்சாம் தேதி, திங்கட்கிழமை. அக்கினி நட்சத்திரம் பிறந்த மறுநாள். ரெண்டு மணி ஷிஃப்டுக்கு உள்ளே போனோம். தெர்மாமீட்டர் பலகைக்கு இரும்பு வலையில் கூண்டு அடித்திருந்தது. கூண்டில் பூட்டு. சாவி நாகராசு இடுப்பில். பவளக்கொடியை ப்ளோ ரூமுக்கு மாற்றி ஆர்டர். மூட்டை மூட்டையாக வருகிற பஞ்சை உடைத்துத் தட்டுகிற இடம் அது. தூசி மூட்டத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. இசக்கியை நிரந்தரமாக மூணாம் ஷிஃப்டுக்கு, ராத்திரி வேலைக்குப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. என்னைத் தொடவில்லை.

நான் ஆபீசுக்கு ஓடினேன். சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மூன்று நாள் மீட்டிங். நாலாம் நாள் வராந்தாவில் மடக்கினேன். "சார், அது கதை சார்" என்றேன். "நல்ல கதை வடிவு, நிறைய எழுதுங்க" என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். ஒரு வாசகர் இப்படிப் பண்ணுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படிக்கிறவர்கள் நல்லவர்கள் என்று நம்பினேன். அது என் தப்பு என்றால் தப்புதான்.

டைம் ஆபீஸ் கிளார்க் ஒருத்தன் இருந்தான். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்க எழுத்தாளர் அம்மாதான் ஒவ்வொரு ஆளா விளக்கிச் சொன்னாங்களாமே" என்று பெண்களிடம் சொல்லிவிட்டான். விளக்கிச் சொன்னது நிஜம். ஆனால் எந்த இடத்தில், என்ன அர்த்தத்தில் சொன்னேன்? அதை அவன் சொன்னானா? அவன்தான் பற்றவைத்தது.

அன்றைக்கு வேனில் பவளக்கொடி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. திரும்பாமலே கேட்டாள்.

"மதினி, எம் பேரு என்ன?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லு."

"பவளக்கொடி."

"கதையில?"

"கனகம்."

"ப்ளோ ரூமுக்கு யாரைப் போட்டாக? கனகத்தையா?"

வேனில் யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக அவள் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள்.

"நான் பேரையெல்லாம் மாத்தித்தான எழுதுனேன்" என்றேன்.

"மாத்துன. டம்ளருக்குப் பதிலா வேற என்னத்தையாவது மாத்தப்படாதா? நாங்க என்னமோ மந்திரம் போட்டுக் காத்த வரவழைச்சோம்னு எழுதப்படாதா? கதைதான?"

நீங்கள் அந்தக் கதையைப் படித்திருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். டம்ளரை எடுத்துவிட்டால் அந்தக் கதை நிற்குமா? தலையை ஆட்டுகிறீர்கள், நிற்காது. அது உங்களுக்குப் புரிகிறது, அவளுக்குப் புரியவில்லை.

அந்த மே மாதம் ஷெட்டுக்குள் மனுசி நிற்கமுடியாது. எங்களில் வயதில் மூத்தவள் ஒருத்தி மெஷின் ஓரமாகச் சரிந்துவிட்டாள், தூக்கிக்கொண்டுபோய் கேட்டருகே வேப்ப மரத்தடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். நாலு மணிக்கு டீ வரும். மிச்சமிருந்த எட்டுப் பேரும் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்று குடிப்பார்கள். நான் போனால் டம்ளரைக் கழுவ நகர்ந்துவிடுவார்கள். இனிமேல் யாரும் ஆறிப்போன டீ குடிக்கவேண்டியதில்லை, எல்லோருக்கும் தினமும் சூடாகக் கிடைத்தது. அதைக்கூட ஒருத்தியும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்கு பஸ் ஏறினேன். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடவேண்டும் என்றுதான் போனேன். செண்பகராமன் சார் அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாக நேரில் பார்க்கிறார். பெஞ்சில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வெள்ளை உருண்டை நாலு கையில் கொட்டி, நாக்கடியில் வைக்கச் சொன்னார். நாக்கடியில் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? கரைந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, இலக்கியத்தால ஒரு ஆணியைக்கூட அசைக்க முடியாதுன்னு நாப்பது வருஷமா என்னையக் கேலி பண்ணுறாங்க. உங்க கதையால ஒரு பூட்டு தொங்குது!"

"சார், அந்தப் பூட்டு எங்க தலைமேலதான தொங்குது."

"அதுதாம்மா. அதுதான் வலிமை."

"மில்லுக்கு நம்ம இதழை அனுப்புனது யாரு சார்?"

"விளம்பரம் குடுக்கிறவங்களுக்குப் பிரதி அனுப்புறது முறைதானே. அவங்க இல்லாட்டி இதழ் இல்ல. இதழ் இல்லாட்டி உங்க கதை இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பின்னட்டையில போட்டிருந்ததே அம்மா. நீங்க பார்க்கலையா?"

என்ன திமிர் பாருங்கள். ஒரு மில் தொழிலாளியை எழுது எழுது என்று சொல்லிவிட்டு, அதையே மில்லுக்கு அனுப்பிவிட்டு, பார்க்கவில்லையா என்று கேட்கிறார். நான் எழுந்தேன். வாசல்வரைக்கும் வந்து, "இதையே எழுதுங்க. கூட இருந்தவங்க ஒதுக்கிட்டாங்கல்ல, அந்த வலியை எழுதுங்க. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். இனிமேல் பேனாவைத் தொட்டால் என் கை அழுகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் முதல் பத்தி வந்துவிட்டது. நான் என்ன செய்ய?

அடுத்த இதழில் அவர், நிர்வாகத்தையே அசைத்த சிறுகதை என்று குறிப்பு எழுதினார். அந்த இதழிலும் பின்னட்டையில் மில் விளம்பரம் இருந்தது.

முதல் பத்தி வந்ததே தவிர மீதி வர ஒரு வருடத்துக்குமேல் ஆனது. அந்த ஒரு வருடமும் பவளக்கொடி என்னோடு பேசவில்லை. ஆனால் சுவர் இருக்கிறதே, ஒற்றைச் செங்கல். அவள் பேசாவிட்டாலும் எனக்கு எல்லாம் கேட்கும். முதலில் லேசான இருமல். பிறகு காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் விடாமல். பிறகு சத்தம் அமுங்கிப்போனது, தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுகிறாள் என்று கண்டுபிடித்தேன். எதற்காக அழுத்துகிறாள் என்பதும் தெரிந்தது. அவள் மகள் ரேணுகாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அதே லைனில் கடைசி வீட்டுக்காரர்களின் உறவுப் பையன். அம்மாக்காரிக்கு நெஞ்சுநோய் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் தட்டிப்போகும். புருசன் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்பான். "கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் செத்துறமாட்டேன்" என்பாள். சண்டையிலும் அவள் பேச்சு பேச்சுதான். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அதுதான் 'சுவர்.' நீங்கள் பாடத்தில் வைக்கவேண்டும் என்று சொல்கிற கதை. என்னிடமே கேட்டால் அதுதான் நான் எழுதியதிலேயே நல்ல கதை. முழுக்க அவள் பக்கம் நின்று எழுதியிருக்கிறேன். ப்ளோ ரூம் தூசியை யாரும் அப்படி எழுதியதில்லை என்று செண்பகராமன் சாரே சொன்னார். படிக்கிறவர்கள் அவளுக்காக அழுவார்கள். பேரை மாற்றினேன். இந்தத் தடவை கனகம்கூட இல்லை, பூரணம் என்று போட்டேன். மில்லைத் தேனிப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். மகளை மகன் ஆக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மகனுக்காக ஒருத்தி தலையணையில் இருமுவாளா? இருமமாட்டாள். அதனால் மகளாகவே விட்டேன்.

2009 அக்டோபர் இதழ். மாவட்டத்து இலக்கிய வட்டம் ஒன்று அதற்குப் பரிசும் கொடுத்தது. எனக்கு ஆசிரியர் பிரதி ரெண்டு வந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் நிற்கிறேன். சமாதானம் ஆகிவிடலாம் என்றுதான் போனேன், வேறு எந்த எண்ணமும் இல்லை. பவளக்கொடி உள்ளே படுத்திருந்தாள். ரேணுகா வந்தாள். பிளஸ் டூ படித்த பிள்ளை, எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள்.

"அம்மாவைப் பெருமைப்படுத்தி அத்தை ஒரு கதை எழுதியிருக்கேன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்மா" என்றேன்.

"சரி அத்தை" என்று வாங்கிக்கொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும்.

நான் என் வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தேன். ரேணுகா வாசிக்க ஆரம்பித்தது கேட்டது. என் வார்த்தைகளை இன்னொருத்தர் குரலில் அன்றைக்குத்தான் கேட்டேன், எனக்குப் புல்லரித்தது. நன்றாக வாசித்தாள். தூசி வருகிற பக்கம், வேன் வருகிற பக்கம் எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். ரெண்டாவது பக்கத்துக்கு நடுவில் தலையணை வருகிறது. அந்த இடத்தில் நிறுத்தினாள். திரும்பவும் அதே வரியை, மெதுவாக, தனக்குத்தானே வாசிக்கிற மாதிரி வாசித்தாள். பிறகு சத்தம் இல்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இருமல்கூடக் கேட்கவில்லை.

கதை எப்படி இருந்தது என்று அவள் சொல்லி அனுப்புவாள் என்று பார்த்தேன். நாலு நாள், அஞ்சு நாள் பார்த்தேன். பதினாறு வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். நல்லாயில்லை என்றாவது சொல்லலாம் இல்லையா? ஒரு எழுத்தாளருக்கு அதுகூட மரியாதைதான். எத்தனையோ பேர் கடிதம் போட்டார்கள், நெய்வேலியிலிருந்துகூட ஒருத்தர் போட்டார். யாருக்காக எழுதினேனோ அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மேனேஜரை மன்னித்தாலும் மன்னிப்பேன் டீச்சர், அவரையாவது படித்தவர் என்று விட்டுவிடலாம். இது எனக்கு ஆறவில்லை.

எழுதிக்கொண்டீர்களா? தேதி கேட்டீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2009 நவம்பர் 14, சனிக்கிழமை. பவளக்கொடி குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூர் போனது. வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கச் சொல்லி சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.